ஸீரோ பீட்: தமிழில் எப்படிச் சொல்வது?

குமிழ் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் கல்லூரி ஹாம் (பொழுதுபோக்கு வானொலி) மன்றத்துக்கு, ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் தம்முடைய யேஸு எஃப்டி-101இ செட்டைக் கொடுத்திருக்கிறார். 1970களின் ஜப்பான் தயாரிப்பு. கடைசிப் படியில் இரண்டு 6ஜேஎஸ்6சி வால்வு, அவற்றை ஓட்ட ஒரு 12பிஒய்7ஏ, மற்றதெல்லாம் டிரான்சிஸ்டர். இத்தனை நாளும் எண் காட்டும் திரையைப் பார்த்துப் பழகிய மாணவர்கள், இதன் முன்னால் உட்கார்ந்து 'இப்போ நாம எந்த ஃப்ரீக்வென்சியில இருக்கோம்?' என்று கேட்கிறார்கள். அதற்காகத் தமிழில் ஒரு சின்னக் கையேடு. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும்.

நான் நின்றுபோன இடம் இது (ஸீரோ பீட் என்றால் இரண்டு அலைகளின் அதிர்வெண் வேறுபாட்டைப் பூஜ்யமாக்குவது):

'செட்டை அரை மணி நேரம் சூடாக விடவும். கேலிபரேட்டரை (அளவு சரிபார்க்கச் சோதனை அலை தரும் பகுதி) போட்டு, அருகிலுள்ள 100 கிலோஹெர்ட்ஸ் புள்ளியை நோக்கிக் குமிழைத் திருப்பவும். ஊளைச் சத்தம் கேட்கும். அது இறங்கி அடங்கும் இடத்தில் ஸீரோ பீட் செய்யவும். குமிழை அசையாமல் பிடித்துக்கொண்டு, அளவு வளையத்தை மட்டும் திருப்பிக் கோட்டுக்கு நேராக நிறுத்தவும்.'

'சுழிய விம்மல்' என்று போட்டிருந்தேன். படித்துப் பார்த்த மாணவி, 'மேடம், யாரோ அழாம இருக்காங்களா?' என்றாள். வினையாகவும் பெயராகவும் வரக்கூடிய ஒரு சொல் தேவை. உதவுங்கள்.

வகுப்பறை எழுதியது:

விம்மலைக் கைவிடாதீர்கள் அம்மா. பதினோராம் வகுப்பு இயற்பியலில் பிள்ளைகள் படித்து வருகிற சொல் அதுதான். 256, 260 ஹெர்ட்ஸ் இசைக்கவைகளைச் சேர்த்துத் தட்டினால் ஒலி நொடிக்கு நான்கு முறை ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்துக்கு விம்மல் என்று பெயர் வைத்தவர் யாரென்று தெரியாது, ஆனால் காதுள்ளவர். உங்கள் சிக்கல் 'சுழிய' என்ற முன்னொட்டில்தான். 'விம்மலின்மை' என்றால் போதாதா?

பருத்தித்துறையான் எழுதியது:

நாங்கள் இலங்கையில் படித்தது 'அடிப்பு'. நீங்கள் அதிர்வெண் என்பதை நாங்கள் மீடிறன் என்கிறோம், எதிர்மின்னியை இலத்திரன் என்கிறோம், மின்தேக்கியைக் கொள்ளளவி என்கிறோம். எங்கள் பக்கத்துப் பிள்ளையும் உந்தக் கையேட்டை வாசிக்கக்கூடும் என்று யாராவது நினைத்தீர்களோ? 'அடிப்பொழித்தல்' என்று போடலாம். வினையும் வருகுது, பெயரும் வருகுது.

ரிச்சி தெரு எழுதியது:

அண்ணே, அடிப்பொழித்தல்னா சென்னையில 'அடி மழையாப் பொழிஞ்சாங்க'ன்னு எடுத்துக்குவாங்க.

யாழ்நரம்பு எழுதியது:

நண்பர்களே, இயற்பியல் புத்தகத்துக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தால் கிடைக்காது. இரண்டு ஓசைகளை ஒன்றுக்கொன்று நெருக்கி, இடையிலுள்ள உறுத்தலைப் போக்குவது யாழாசிரியனின் அன்றாட வேலை. நம் உரையாசிரியர்கள் நரம்புக்கு நான்கு குற்றம் சொல்வார்கள்: செம்பகை, ஆர்ப்பு, கூடம், அதிர்வு. பண்ணோடு ஒட்டாமல் நிற்கும் இன்னா ஓசை செம்பகை. உங்கள் பெட்டியில் கேட்கும் ஊளை செம்பகையே அன்றி வேறென்ன? ஆகவே 'செம்பகை நீக்கல்'.

இது பிடிக்கவில்லை என்றால் கானல்வரிக்குப் போகலாம். யாழைக் கோவலனிடம் நீட்டுவதற்கு முன் மாதவி எண்வகையால் இசை எழுப்புகிறாள்: பண்ணல், பரிவட்டணை, ஆராய்தல், தைவரல், செலவு, விளையாட்டு, கையூழ், குறும்போக்கு. முதலாவதான பண்ணல், பாட்டுக்கு ஏற்ப யாழை அமைப்பது. 'அலைபண்ணல்' என்று ஒரு சொல் செய்தால் என்ன குறை?

போகிற போக்கில் ஒன்று. விம்மலை அழுகை என்று சிரிப்பவர்கள், விம்முதலுக்குப் பருத்தல், ததும்புதல் என்றும் பொருள் உண்டு என்பதை மறந்துவிடுகிறார்கள். விம்மிதமும் இதிலிருந்து வந்ததே என்பது என் துணிபு.

வகுப்பறை எழுதியது:

ஐயா, விம்மிதம் 'விஸ்மிதம்' என்பதன் திரிபு. வியப்பைச் சொல்ல நமக்குத் தொல்காப்பியர் கொடுத்த மருட்கை இருக்கிறது. விம்மிதத்தை விம்மலோடு ஒட்டாதீர்கள்.

யாழ்நரம்பு எழுதியது:

ஸகரம் போய் மகரம் இரட்டியது என்று அடித்துச் சொல்கிறீர்கள். எதிர்த்திசையில் ஏன் போயிருக்கக் கூடாது? தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

(மட்டுறுத்துநர்: தயவுசெய்து தனி மடலிலேயே.)

ரிச்சி தெரு எழுதியது:

வாத்தியாருங்க ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்க. நான் இந்த மாதிரி செட்டைத் திறந்து வேலை செய்கிறவன். ஸீரோ பீட் என்ற ஒரே பேரில் இங்கே வேறு வேறு வேலை நடக்குது. அதைப் பிரிக்காமல் பேர் வைத்தால் மாணவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள்.

ஒன்று, மேடம் எழுதியது. டயலைக் கேலிபரேட்டரோடு பொருத்துவது. இதில் விம்மலே கேட்காது. கீச்சென்று தொடங்கும், குமிழைத் திருப்பத் திருப்ப உறுமலாக இறங்கும், அப்புறம் ஒன்றும் இருக்காது. இன்னும் திருப்பினால் அந்தப் பக்கம் மறுபடி ஏற ஆரம்பிக்கும். எஸ்எஸ்பி ஃபில்டர் (குரலுக்கான வடிகட்டி) 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடுவதால், சத்தம் நின்ற இடமெல்லாம் பூஜ்யம் கிடையாது. அந்த மௌனம் ஒரு புள்ளி இல்லை, கொஞ்சம் அகலமான இடம். சத்தம் செத்ததும் நிறுத்திவிட்டால் டயல் ஓரிரு நூறு ஹெர்ட்ஸ் தள்ளி நிற்கும். கவனமாகக் கேட்டு நிதானிக்க வேண்டிய இடம் இது. கையேட்டில் இதைக் கட்டாயம் எழுதுங்க.

இன்னொன்று, கேலிபரேட்டரின் கிரிஸ்டலையே சரிபார்ப்பது. 10 மெகாஹெர்ட்ஸில் நேரக்குறிப்பு நிலையத்தைப் பிடிக்க வேண்டும். அந்தக் காலத்தில் ஜப்பானின் ஜேஜேஒய் இருந்தது, அதன் சிற்றலை ஒலிபரப்பை 2001-இல் நிறுத்திவிட்டார்கள். இப்போது சீனாவின் பிபிஎம். அதன் மேல் கேலிபரேட்டரை ஏற்றினால் அலையின் வலிமை காட்டும் எஸ் மீட்டர் முள் மெல்ல மேலே போகும், கீழே வரும். உள்ளேயுள்ள டிரிம்மரை (நுண்ணிய திருத்தத்துக்கான திருகு) மயிரிழை திருப்பினால் அந்த ஆட்டம் மெதுவாகும், நின்றும் போகும். வாத்தியார் சொல்கிற விம்மல் இங்கேதான் அசல் விம்மல்.

அப்புறம் மோர்ஸ். அதை நம்ம தந்தி ஐயா சொல்லட்டும்.

தந்திக்காரர் எழுதியது:

தம்பி சரியாகச் சொன்னார். தந்திச் சேவையை 2013 ஜூலையில் மூடினார்கள். அதற்கு வெகுகாலம் முன்பே நான் தந்தி அலுவலகக் கட்டுக்கட்டுச் சத்தத்திலிருந்து ஹாமுக்கு வந்துவிட்டேன். மூர் மார்க்கெட் எரிவதற்கு முன் அங்கே வாங்கிய மோர்ஸ் சாவி இன்றும் மேசையில் இருக்கிறது.

மோர்ஸில் எதிராளியின் மேல் ஸீரோ பீட் ஆவது என்றால், நம் அலையை அவர் அலையின் மேல் வைப்பது. ஆனால் டிரான்ஸீவரில் (அனுப்பவும் கேட்கவும் ஒரே செட்) அனுப்பும் அலைக்கும் கேட்கும் அலைக்கும் நடுவே சுமார் 800 ஹெர்ட்ஸ் இடைவெளி வைத்திருப்பார்கள். இல்லையென்றால் அவர் சத்தமே நமக்குக் கேட்காது. ஆகவே அங்கே சத்தத்தைச் சாகடிக்கக் கூடாது. நம் சைடுடோனின் (நாம் அனுப்புவது நமக்கே கேட்கும் சத்தம்) சுதியும் அவர் சத்தத்தின் சுதியும் ஒன்றாகும் வரை குமிழைத் திருப்ப வேண்டும். 'விம்மலின்மை' என்று படித்த பையன் மௌனம் வரும் வரை திருப்புவான், பிறகு 800 ஹெர்ட்ஸ் தள்ளி நின்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பான். எதிராளி குறுகிய ஃபில்டர் போட்டிருந்தால் பதிலே வராது.

என் பரிந்துரை 'சுதி சேர்த்தல்'. நாதஸ்வரக்காரர் முதல் பஜனை மடம் வரை எல்லோருக்கும் புரியும்.

யாழ்நரம்பு எழுதியது:

சுதி என்பது சுருதி, வடசொல். தங்கள் புனைபெயரில் உள்ள தந்தியும் வடசொல். நரம்பு என்ற நல்ல சொல் இருக்க...

தந்திக்காரர் எழுதியது:

'ஐயா ஊரில் காலமானார்' என்று மக்களுக்கு 'நரம்பு' கொடுத்திருக்க முடியாது ஐயா.

வகுப்பறை எழுதியது:

சுதி சேர்த்தலில் எனக்கு வேறு சிக்கல். தம்பூராவில் பஞ்சமமும் சட்ஜமமும் சேர்ந்தாலும் சுதி சேர்ந்தது என்றுதான் சொல்வார்கள். இங்கே வேண்டியது அச்சாக ஒரே அதிர்வெண். பழைய இசை இலக்கணத்தில் இணை, கிளை, நட்பு, பகை என்று நான்கு உறவு சொல்வார்கள். யாழ்நரம்பு ஐயா திருத்தலாம்.

நான் முன்பு சொன்னதிலும் ஒரு நுட்பம் சேர்க்க வேண்டும். இசைக்கவைகளில் இரண்டு ஒலிகள் காதில் கலந்து ஏறி இறங்குகின்றன, அவ்வளவுதான். புதிய அதிர்வெண் எதுவும் பிறப்பதில்லை. வானொலியில் அப்படி இல்லை. டிடெக்டர் (அலையிலிருந்து ஒலியைப் பிரிக்கும் பகுதி) இரண்டு அலைகளையும் பெருக்கி, அவற்றின் வேறுபாட்டை மெய்யாகவே ஓர் ஒலியாக உண்டாக்குகிறது. ரிச்சி தெரு தம்பி சொன்ன கீச்சொலி அதுதான். இதற்கு ஹெட்டரோடைன் என்று பெயர் வைத்தவர் ஃபெஸ்ஸண்டன். கிரேக்கத்தில் 'வேறு' என்பதையும் 'விசை' என்பதையும் எடுத்து ஒட்டினார்.

பருத்தித்துறையான் எழுதியது:

அவர் ஒட்டினால் அறிவியல், நாங்கள் ஒட்டினால் பகிடியோ? 'அலையொன்றல்' என்று வைத்தால் விம்மலும் வேண்டாம், அடிப்பும் வேண்டாம். சத்தம் நிற்கட்டும் நிற்காமல் போகட்டும், இரண்டு அலையும் ஒன்றினால் சரிதானே. ஐயா சொன்ன மோர்ஸுக்கும் பொருந்தும்.

குமிழ் எழுதியது:

நன்றாக இருக்கிறது. வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன். 'அடங்கும் இடத்தில் அலையொன்றவும்'. அலை ஒன்றவேண்டுமா, மாணவர் ஒன்றவேண்டுமா? ஏவலாக 'அலையொன்று' என்றால் 'ஓர் அலை' என்று படிக்கிறார்கள். 'ஒன்றச்செய்' என்றால் நீள்கிறது. 'நேரலை' என்று ஒருவர் தனி மடலில் சொன்னார். அதைத் தொலைக்காட்சிக்காரர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்களே.

யாழ்நரம்பு எழுதியது:

சுழியம் என்பதும் அண்மையில் செய்த சொல்லே. பரிபாடல் மூன்றாம் பாட்டில் 'பாழெனக் காலெனப் பாகென ஒன்றென' என்று எண்ணிக்கை பாழில்தான் தொடங்குகிறது. அங்கே ஒன்பதுக்குத் தொண்டு என்ற சொல்லும் இருக்கிறது. தொண்டு இருந்தால்தான் தொண்ணூறு, தொள்ளாயிரம் எல்லாம் வரிசையில் நிற்கும். ஆகவே சுழிக்குப் பதில் 'பாழ்'...

ரிச்சி தெரு எழுதியது:

'பாழ் விம்மல்'னு போட்டா, செட்டே பாழாப் போச்சுன்னு ரிப்பேருக்குத் தூக்கிட்டு வருவாங்க. 15 கிலோ செட்டு. எனக்கு வருமானம்தான், ஆனாலும் வேண்டாம். அந்த 6ஜேஎஸ்6சி டிவிக்காகச் செய்த வால்வு. டிவியே மாறிப்போன பிறகு அது கிடைக்கிறதே குதிரைக்கொம்பு. பேர் வைக்கிறதில் காட்டுகிற அக்கறையை, ட்யூன் பண்ணும்போது பத்து நொடிக்கு மேல் சாவியை அழுத்தாதே என்பதிலும் காட்டுங்க மேடம். அலைவரிசையில் யாரும் இதில் ஒரு சொல்லையும் சொல்லப்போவதில்லை. 'கொஞ்சம் மேலே வாங்க, ஸீரோ பண்ணுங்க' என்றுதான் சொல்வார்கள்.

யாழ்நரம்பு எழுதியது:

அப்படியானால் கையேட்டை எதற்குத் தமிழில் எழுதவேண்டும்? 'ஸீரோ பீட்' என்பதில் முதல் எழுத்தே கிரந்தம்.

ரிச்சி தெரு எழுதியது:

செட்டுப் பேரிலேயே கிரந்தம் இருக்கே. அதை எடுத்துட்டு 'யேசு எஃப்டி-101'னு எழுதினா சர்ச்சுக்குத்தான் அனுப்பணும்.

வகுப்பறை எழுதியது:

நாளை வெள்ளி. ஒன்று சொல்கிறேன். 'விம்மலறு'. தன்வினையில் விம்மல் அற்றது, பிறவினையில் விம்மலை அறுத்தான், பெயர் விம்மலறுத்தல், நிலை விம்மலறுநிலை. வினைத்தொகை என்பதால் நடுவில் ஒற்றும் மிகாது. 'அடங்கும் இடத்தில் விம்மலறுக்கவும்' என்ற வாக்கியம் நிற்கிறது.

தந்திக்காரர் எழுதியது:

மோர்ஸுக்கு ஒத்துக்கொள்ள மாட்டேன். அங்கே அறுப்பதற்கு ஒன்றுமில்லை.

(மட்டுறுத்துநர்: விம்மலறுத்தலுக்கு ஆதரவு கூடுதலாகத் தெரிகிறது. பலர் வெறும் '+1' போட்டிருக்கிறார்கள், அவற்றை ஏற்றவில்லை.)

குமிழ் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அச்சகத்திலிருந்து இரண்டு முறை அழைத்துவிட்டார்கள். டயல் பகுதியிலும் கிரிஸ்டல் பகுதியிலும் 'விம்மலறுத்தல்' என்று போகிறது, முதல் முறை வருமிடத்தில் 'பேச்சு வழக்கில் ஸீரோ பீட்' என்ற குறிப்போடு. மௌனம் அகலமானது, இரண்டு பக்கமும் ஊளை ஏறத் தொடங்கும் இடங்களைப் பார்த்து நடுவில் நிறுத்தவேண்டும் என்று தனிப் பத்தி சேர்த்திருக்கிறேன். மோர்ஸ் பகுதியில் தந்தி ஐயாவின் 'சுதி சேர்த்தல்'. ஒரே கருத்துக்கு இரண்டு சொல் என்று திட்டுவீர்கள். இரண்டும் கைக்கு வெவ்வேறு வேலை என்று சமாதானம் செய்துகொண்டேன்.

யாழ்நரம்பு எழுதியது:

'சுதி' என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு என்ன பொருள் என்று கேட்டுப் பாருங்கள். 'சுதி ஏற்றிக்கொண்டு' வானொலி இயக்குவார்கள். என் மறுப்பு பதிவாகட்டும். செம்பகைக்கு ஒருநாள் காலம் வரும்.

பருத்தித்துறையான் எழுதியது:

என்ர படியில் அடிப்பு என்று பேனையால் திருத்திக்கொள்வேன். பிடிஎஃப் அனுப்புங்கோ.

குமிழ் எழுதியது:

அனுப்புகிறேன். இன்னும் ஒரே ஒரு சொல் மிச்சம். முகப்பில் 'க்ளாரிஃபையர்' என்று ஒரு குமிழ் இருக்கிறது. அனுப்பும் அலையை மாற்றாமல், கேட்கும் அலையை மட்டும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகர்த்துவது. 'தெளிப்பான்' என்று போடலாமா?

ரிச்சி தெரு எழுதியது:

மேடம், அது வயலில் பூச்சிமருந்து அடிக்கிறது.

வகுப்பறை எழுதியது:

'தெளிவி' என்று வைக்கலாம். தெளிவி என்பது பிறவினைப் பகுதி...

(மட்டுறுத்துநர்: புதிய இழை தொடங்குங்கள்.)