கோட்டைக் கொச்சியில் சந்தித்த மனிதர்கள்

மூணாறுக்கோ ஆலப்புழைக்கோ போகிற வழியில் கொச்சியை அரைநாளில் முடித்துவிடுகிறவர்கள்தான் நம்மில் அதிகம். கரையில் மரச்சட்டத்தில் தொங்கும் சீன மீன்வலை முன்னால் ஒரு போட்டோ, வாஸ்கோடகாமாவைப் புதைத்த தேவாலயம், மட்டாஞ்சேரியில் கால் கிலோ ஏலக்காய், உடனே அடுத்த ஊருக்கு வண்டி. நான் இந்தத் தடவை பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலைச் சுருக்கிக்கொண்டு, அங்கே வேலை செய்கிறவர்களிடம் நின்று பேசினேன். அதைத்தான் எழுதுகிறேன்.

தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர்களுக்குக் காரைக்கால் – எர்ணாகுளம் ரயில் வசதி. சாயங்காலம் ஏறிப் படுத்தால் காலையில் எர்ணாகுளம். அங்கிருந்து கோட்டைக் கொச்சிக்கு பஸ்ஸில் போகாதீர்கள், படகில் போங்கள். 2023-ல் தொடங்கிய வாட்டர் மெட்ரோவில் ஏசி உண்டு, சத்தமே கிடையாது. எனக்கென்னவோ அரசுப் படகுதான் பிடித்தது. சில ரூபாய் டிக்கெட், திறந்த ஜன்னல், டிபன் கேரியரோடு வேலைக்குப் போகிறவர்கள். வழியில் வருகிற வில்லிங்டன் தீவு இயற்கையாக உண்டானதில்லை. துறைமுகத்துக்காகக் காயலைத் தோண்டி எடுத்த மண்ணைக் கொட்டி உருவாக்கியது.

சீன வலைக்கு விடியற்காலையில் போய்விட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் கூட்டம்தான் தெரியும், வலை தெரியாது. ஒருவர் நடு மரத்தின் மேல் தண்ணீரை நோக்கி நடக்கிறார், அவருடைய எடைக்கே வலை மெல்ல இறங்குகிறது. சில நிமிடம் சும்மா இருக்கிறார்கள். அப்புறம் நாலைந்து பேர் சேர்ந்து கயிற்றை இழுக்க, பின்னால் வரிசையாகத் தொங்கும் பாறாங்கற்கள் ஒவ்வொன்றாகத் தரையில் வந்து உட்கார, வலை மேலே வருகிறது. மோட்டார் எதுவும் கிடையாது. அன்றைக்கு வந்தது ஒரு கைப்பிடி சிறுமீன், நிறைய ஆகாயத்தாமரை. கயிறு இழுத்தவர்களில் ஒருவர் திருப்பூரில் வேலை பார்த்தவராம், தமிழிலேயே சொன்னார்: "மீனைவிட போட்டோ எடுக்கிறவங்கதான் இப்போ ஜாஸ்தி விழுறாங்க." நம்மையும் கயிறு இழுக்கக் கூப்பிடுவார்கள், முடிந்ததும் காசு கேட்பார்கள். கேட்பதில் தப்பில்லை, அந்த மீனை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? எவ்வளவு என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

தேவாலயத்தைப் பற்றி எல்லோரும் எழுதியாகிவிட்டது. வாஸ்கோடகாமா 1524-ல் இந்த ஊரில்தான் இறந்தார். 1539-ல் உடலைப் போர்ச்சுகலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இப்போது இருப்பது கம்பி வேலி போட்ட ஒரு கல் மட்டும். தலைக்கு மேலே பாருங்கள், வெளியே நின்று கயிற்றால் இழுக்கிற பழைய துணி விசிறிகள் இன்னும் தொங்குகின்றன.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது கோட்டைக் கொச்சியின் வேளிப் பகுதியில் இருக்கிற தோபி கானாவைப் பற்றி, அதாவது துணி வெளுக்கிற இடத்தைப் பற்றி. உள்ளே காலை வைத்ததும் காதில் விழுந்தது தமிழ்! டச்சுக்காரர்கள் காலத்தில் படையினரின் துணி வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து கூட்டிவரப்பட்ட வண்ணார் குடும்பங்களின் வழிவந்தவர்கள் என்று சொல்கிறார்கள். டச்சுக்காரர்கள் 1663-ல் கொச்சியைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்தார்கள், 1795-ல் ஆங்கிலேயரிடம் விட்டுவிட்டுப் போனார்கள். துணி வெளுக்க வந்தவர்கள் போகவில்லை.

ஆளுக்கொரு தொட்டி, ஆளுக்கொரு துவைக்கிற கல். பின்னால் கொடி கட்டிய பெரிய மைதானம். அந்தக் கொடியைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். இரண்டு கயிறுகளை ஒன்றோடொன்று முறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். முறுக்கைக் கொஞ்சம் நெகிழ்த்தித் துணியின் முனையை உள்ளே செருகி விட்டுவிடுகிறார்கள், அவ்வளவுதான். கடல் காற்று அந்த வாங்கு வாங்கியும் ஒரு துண்டு கூட விழவில்லை. மைதானம் முழுக்கத் தேடினாலும் ஒரு கிளிப் கிடைக்காது.

இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த பெரியவர் என் பேச்சைக் கேட்டுத் தலையை நிமிர்த்தினார்.

"எந்த ஊரு தம்பி?"

"தஞ்சாவூர்ப் பக்கம் ஐயா. உங்களுக்குப் பூர்வீகம் எது?"

"அது எங்க தாத்தாவுக்கே தெரியாது. இதுதான் ஊரு."

கரிப்பெட்டி. தொட்டுத் தூக்கிப் பார்த்தேன், என் மணிக்கட்டு தாங்கவில்லை. அவர் அதை நாள் முழுக்க ஓட்டுகிறார். சட்டை பேன்ட்டெல்லாம் வீட்டு மெஷினுக்குப் போய்விட்டதாம். கஞ்சி போட்ட முண்டுக்கும் வெள்ளைச் சேலைக்கும் மட்டும் இன்னும் இங்கேதான் வருகிறார்களாம். நான் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாரே தவிர, கை ஒரு நிமிடம் நிற்கவில்லை. டீக்குக் காசு நீட்டியபோது, "நீங்க குடிச்சிட்டுப் போங்க" என்று பையனை அனுப்பி எனக்கு வாங்கிக் கொடுத்தார்.

அன்றைக்கே இதற்கு நேரெதிராக ஒன்று. மட்டாஞ்சேரிக்குக் குறைந்த காசில் கூட்டிப்போன ஆட்டோக்காரர் வரிசையாக மூன்று கைவினைக் கடைகளில் இறக்கிவிட்டார். உள்ளே பத்து நிமிடம் சுற்றினால் அவருக்குக் கமிஷன். நாலாவது கடை வாசலில் இறங்கி நடந்துவிட்டேன்.

* * *

அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்தேன். தோபி கானா எங்களுக்குத் தெரியாமல் போச்சு. நாங்கள் மட்டாஞ்சேரியிலேயே நாளைக் கழித்தோம்.

முதலில் கிழமையைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். அரண்மனை வெள்ளிக்கிழமை மூடியிருக்கும். யூதர்களின் ஜெப ஆலயத்துக்கு வெள்ளி மதியத்துக்கு மேலேயும் சனிக்கிழமையும் விடுமுறை. லீவு போடாமல் சனி ஞாயிறில் வருகிறவர்கள் ஜெப ஆலயத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1568-ல் கட்டியது. தரை முழுக்கச் சீனாவிலிருந்து வந்த நீலமும் வெள்ளையுமான ஓடுகள், கையால் தீட்டியவை. ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை என்று காவலாளி சொன்னதும், இரண்டு ஒன்றாகக் கண்டுபிடித்தே தீருவேன் என்று என் மகள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவரும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார். இஸ்ரேல் உருவான பிறகு இங்கிருந்த யூதக் குடும்பங்கள் அநேகமாக அங்கே போய்விட்டன. தெருவில் இப்போது பழம்பொருள் கடைகள்தான்.

அங்கிருந்து பஜார் ரோட்டில் நடந்தோம். சுக்கும் மிளகும் தும்மல் வரவைக்கிற தெரு. ஒரு மொத்தக் கடையில் குஜராத்திக்காரர், வயசானவர், எங்களைப் பார்த்ததும் "வாங்கம்மா" என்றார். ஈரோட்டில் மஞ்சள் வாங்கி வாங்கித் தமிழ் வந்துவிட்டதாம். அவர் குடும்பம் கொச்சியிலேயே தலைமுறைகளாக இருக்கிறது. நான் ஏலக்காய் கேட்டேன். "உங்க போடிநாயக்கனூர்லயே ஏலம் நடக்குது, அதுக்கு இவ்வளவு தூரம் வரணுமாம்மா?" என்று கேட்டுவிட்டு, நல்ல பச்சை ஏலக்காயாகப் பார்த்து எடை போட்டார். வியாபாரி அப்படிப் பேசினால் வாங்காமல் எப்படி வருவது?

அரண்மனையில் ராமாயணச் சுவரோவியங்கள் அருமை. எங்களைப் போட்டோ எடுக்க விடவில்லை, எனக்கு அது நிம்மதியாகவே இருந்தது.

* * *

முதலில் சீன வலையைப் பற்றித் தம்பி எழுதியதில் நானும் ஒன்று சேர்க்க வேண்டும். ஜூன், ஜூலையில் போகிறவர்கள் மணல் கடற்கரையை எதிர்பார்க்காதீர்கள். கடல் அரித்து அரித்துப் பல இடங்களில் நடைபாதையை ஒட்டியே அலை அடிக்கிறது. நாங்கள் போனபோது அடைமழை, வலைகளையெல்லாம் தூக்கிக் கட்டிவிட்டார்கள்.

கார் வைத்திருப்பவர்களுக்குக் கோட்டைக் கொச்சியிலிருந்து எதிரே இருக்கிற வைப்பீன் தீவுக்கு ரோ-ரோ படகு இருக்கிறது. காரோடு ஏறி நிறுத்திக்கொள்ளலாம், சில நிமிடத்தில் அக்கரை. சாலை வழியாக எர்ணாகுளத்தைச் சுற்றிக்கொண்டு போகிற நெரிசல் மிச்சம். வண்டி வரிசையில் காத்திருந்தபோது முன்னால் நின்ற லாரிக்காரர் நாமக்கல்காரர். "சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல வராதீங்க சார், வரிசை ரொம்ப நீளும்" என்றார். அவர் சொன்னபடி காலையிலேயே திரும்பினோம், உடனே இடம் கிடைத்தது.