செர்ன் எண் முழு எண்ணாக வர மறுக்கிறது

தேன்கூடு:
முதுகலைத் திட்டத்துக்காக, இயற்பியலாளர் ஹால்டேன் 1988இல் முன்வைத்த அறுகோண வலை மாதிரியின் செர்ன் எண்ணைப் பைத்தானில் கணக்கிடுகிறேன் (ஓர் ஆற்றல் பட்டையின் எலக்ட்ரான் நிலைகள் உந்தவெளி முழுவதும் எத்தனை முறை முறுக்கிக்கொள்கின்றன என்று சொல்லும் முழு எண் அது). எலக்ட்ரான் அண்டைத் தளத்துக்குத் தாவும் வலிமை 1, அடுத்த அண்டைக்கு 0.1, அந்த இரண்டாவது தாவலின் கட்டக்கோணம் (phase) 90 பாகை, இரு வகைத் தளங்களின் ஆற்றல் (துணைத்தள ஆற்றல்) ±0.2. கீழ்ப்பட்டைக்கு 1 அல்லது −1 வர வேண்டும். உந்தவெளியில் 50×50 புள்ளிகள் எடுத்தால் 0.37 வருகிறது, 100×100இல் −1.82! ஒவ்வொரு புள்ளியிலும் எலக்ட்ரான் நிலையைத் தரும் ஐகன் திசையன்களை வகையிட்டு, பெர்ரி வளைவை (அந்த முறுக்கலின் உள்ளூர் அளவை) தொகையிடுகிறேன். மூன்று நாளாகத் தேடியும் பிழை அகப்படவில்லை.

அரைக்கோளம்:
ஐகன் திசையனின் கட்டக்கோணம் புள்ளிக்குப் புள்ளி தன்னிஷ்டத்துக்கு மாறும். அதை வகையிட்டால் கிடைப்பது இரைச்சல்தான். எல்லாத் திசையன்களிலும் முதல் கூறு மெய்யெண்ணாகும்படி திருப்பிவிடுங்கள்.

பழைய முடிச்சு:
நோயைச் சரியாகக் கண்டீர்கள், மருந்துதான் பலிக்காது. இந்த அளவுருக்களில் உந்தவெளி அறுகோணத்தின் ஒரு வகை மூலையில் முதல் கூறே சுழியாகிவிடும். அங்கே எதைத் திருப்புவது? கட்டக்கோணத்தை எங்கும் சீராக நிர்ணயிக்க முடிந்தால் செர்ன் எண் சுழியாகத்தான் இருக்கும். நிர்ணயிக்க முடியாமல் போவதையே அது எண்ணுகிறது.

வகையிடலையே விடுங்கள். ஃபுகுயி, ஹட்சுகாய், சுசுகி 2005இல் காட்டிய வழி: ஒவ்வொரு சிறு கட்டத்தின் நான்கு மூலைகளையும் சுற்றி, அடுத்தடுத்த திசையன்களின் உட்பெருக்கங்களைப் பெருக்கி, விடையின் கோணத்தை எடுங்கள். எல்லாக் கோணங்களையும் கூட்டி 2π ஆல் வகுங்கள். ஒவ்வொரு திசையனும் பெருக்கத்தில் இரண்டு முறை, ஒருமுறை இணையியமாக, வருவதால் அதன் கட்டக்கோணம் தானே அடிபட்டுப் போகும்.

தேன்கூடு:
நன்றி ஐயா. 20×20 புள்ளிகளிலேயே அப்பழுக்கில்லாத 1. துணைத்தள ஆற்றலை 0.6 ஆக்கினால் 0. ஆனால் புள்ளிகள் இவ்வளவு தள்ளித் தள்ளி இருக்கும் வலையில் இந்தத் துல்லியம் எப்படி? ஏதோ ஏமாற்று வேலை போலிருக்கிறது.

பழைய முடிச்சு:
ஒவ்வொரு விளிம்பையும் பக்கத்துக் கட்டம் எதிர்த்திசையில் கடக்கிறது. எல்லாவற்றையும் பெருக்கினால் 1. ஆகவே கோணங்களின் கூட்டுத்தொகை 2π இன் மடங்காகத்தான் இருக்க முடியும். செர்ன் எண் ஆய்வுக்கூடத்தில் வெளிப்படுவதும் இப்படித்தான்: 1980இல் பிரான்சின் கிரெனோபிளில் இயற்பியலாளர் வான் கிளிட்சிங் அளந்த ஹால் மின்தடையும் (காந்தப்புலத்தில் மின்னோட்டத்துக்குக் குறுக்கே அளப்பது) மாசும் குறையும் உள்ள சிலிக்கான் சாதனத்திலிருந்துதான் வந்தது. 25,812.807 ஓமை ஒரு முழு எண்ணால் வகுத்த மதிப்புகளிலேயே அது நின்றது.

அதே காரணத்தால், முழு எண் வந்ததை மட்டும் வைத்து விடை சரி என்று நம்பிவிடாதீர்கள். துணைத்தள ஆற்றல் 3√3×0.1, ஏறக்குறைய 0.52, ஆகும்போது இரு பட்டைகளுக்கும் இடையிலான ஆற்றல் இடைவெளி மூடும். அதை நெருங்கும்போது வளைவு முழுவதும் ஓரிரு கட்டங்களுக்குள் குவியும். புள்ளிகள் தள்ளித் தள்ளி உள்ள வலை தவறான முழு எண்ணையும் அதே மிடுக்கோடு தரும். அங்கே புள்ளிகளை இரட்டிப்பாக்கி, விடை மாறுகிறதா என்று பாருங்கள்.