சத்தம் வருது, படம் இல்ல: சரி பண்றதா, ஓஎல்இடி வாங்குறதா?

கேட்டவர் (திருநெல்வேலி):
எங்க வீட்டு 43 அங்குல எல்இடி டிவிக்கு ஆறு வயசு ஆச்சு. போன வாரத்துல இருந்து சத்தம் மட்டும்தான் வருது. 2025 செப்டம்பர் 22-லிருந்து 32 அங்குலத்துக்கு மேல உள்ள டிவிக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்துல இருந்து 18 ஆகிட்டதால, புதுசே எடுத்துரலாம்னு கடைக்குப் போனேன். ஓஎல்இடியப் பார்த்ததும் கண்ண எடுக்க முடியல, ஆனா விலை மலைக்க வைக்குது. "கியூஎல்இடியும் அதே மாதிரிதான்"னு கடையில சொல்றாங்க. நெசமா? எங்க ஹாலுக்கு மேற்குப் பார்த்த ஜன்னல், சாயங்காலம் வெயில் நேரா அடிக்கும். அம்மா காலைல செய்தி, மத்தியானம் சீரியல் பார்ப்பாங்க. அடுக்களை வாசல்ல உக்காந்து காய் நறுக்கிக்கிட்டே பக்கவாட்டுல இருந்துதான் பார்ப்பாங்க.

டிவி மெக்கானிக், மதுரை:
தம்பி, பணத்தை எடுக்குறதுக்கு முன்னாடி ஒரு சோதனை. ராத்திரி லைட்டை அணைச்சுட்டு டிவியப் போட்டு, செல்போன் டார்ச்சைத் திரையை ஒட்டிச் சாய்வாப் பிடிச்சுப் பாருங்க. மங்கலா ஆள் நடமாட்டம் தெரிஞ்சா பேனல், அதாவது படம் காட்டுற திரை, நல்லா இருக்கு; அதுக்குப் பின்னால எரியுற விளக்கு, அதான் பேக்லைட், அதுதான் போயிருக்கு. அந்த எல்இடி பல்புகளை வரிசையாத் தொடுத்திருப்பாங்க, ஒண்ணு போனாலே மொத்தமும் அணைஞ்சிரும். மாத்தும்போது அந்தப் பல்பு வரிசை (ஸ்ட்ரிப்) எல்லாத்தையும் சேர்த்து மாத்தச் சொல்லுங்க, இல்லேன்னா மறுபடி வந்து நிக்கும். அப்புறம் செட்டிங்ல பேக்லைட்டை 100-ல விடாதீங்க, 60 போதும். கண்ணாடியக் கழற்றும்போது மூலை உடையுற அபாயம் இருக்கு, கைப்பழக்கம் உள்ள ஆளாப் பாருங்க.

ஓஎல்இடி வச்சிருப்பவர், கோவை:
கியூஎல்இடி வேற, ஓஎல்இடி வேற. ஓஎல்இடியில ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், கருப்புன்னா அந்தப் புள்ளி அணைஞ்சே போயிரும். கியூஎல்இடி உங்க பழைய டிவி மாதிரி பின்னால விளக்கு உள்ள எல்சிடிதான், நிறத்துக்கு ஒரு குவாண்டம் டாட் படலம் கூடுதல். அந்தப் பின்விளக்கைப் பகுதி பகுதியா மங்க வைக்கிற வசதி இல்லேன்னா ராத்திரிக் காட்சி சாம்பல் பூத்துத்தான் தெரியும். பின்விளக்குக்குப் பொடிப் பொடி எல்இடியா நிறைய வச்ச மினி எல்இடியில அந்த வசதி நல்லா இருக்கு, வெளிச்சமும் அதிகம்.

ஓஎல்இடியில நான் பட்ட பாட்டையும் சொல்லிடுறேன். எங்க வீட்லயும் நாள் பூரா செய்திதான். நாலு வருஷத்துல, கீழ பட்டை ஓடுற இடத்துல தழும்பு விழுந்துருச்சு. சிவப்புப் பின்னணி வந்தா பளிச்சுனு தெரியுது. இதுல எங்க தப்பும் உண்டு. படுக்கப் போகும்போது சுவர் ஸ்விட்சையே அணைச்சிருவோம். ரிமோட்ல அணைச்சு ஸ்டாண்ட்பையில விட்டாத்தான் டிவி தன் புள்ளிகளைத் தானே சரிபார்த்துக்கும். இதைக் கடையில யாருமே சொல்லல!

சென்னை வாசகர்:
உங்க அம்மா உக்கார்ற இடத்துக்குப் பேனல் வகைதான் முக்கியம். எல்சிடி பேனல்ல விஏ, ஐபிஎஸ்னு ரெண்டு வகை உண்டு. விஏ பேனல்ல கருப்பு ஆழமா இருக்கும், ஆனா பக்கவாட்டுல நிறம் வெளுத்துரும். ஐபிஎஸ்ல கருப்பு கொஞ்சம் சுமார், பக்கவாட்டுல இருந்து பார்த்தாலும் நிறம் பெருசா மாறாது. பகல் வெளிச்சத்துல அந்தக் கருப்பு வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது, அதனால ஐபிஎஸ்னே சொல்வேன். ஒரே மாடல்லயே அளவுக்கு அளவு பேனல் மாறும், அதனால நீங்க வாங்கப்போற அளவையே நேர்ல பாருங்க. கடையில எல்லா டிவியும் கண்ணைப் பறிக்கிற விவிட் மோட்ல ஓடும், சினிமா மோடுக்கு மாத்தச் சொல்லி, பக்கவாட்டுல போய் நில்லுங்க.

பிராண்டுப் பேருக்காக மட்டும் கூடக் கொடுக்க வேணாம். சோனி ஓஎல்இடிக்குப் பேனல் எல்ஜி டிஸ்ப்ளே, சாம்சங் டிஸ்ப்ளேகிட்ட இருந்துதான் வருது, படத்தைச் செம்மைப்படுத்துற சிப்தான் சோனியோடது. ஓடிடி அதிகம் பார்த்தா ஒண்ணு கவனிங்க: காட்சிக்குக் காட்சி வெளிச்சத்தையும் நிறத்தையும் சரிபண்ற டால்பி விஷன் சாம்சங்ல கிடையாது. அதைவிட, உங்க ஊர்ல வீட்டுக்கு வந்து பார்க்குற சர்வீஸ் யாருக்கு இருக்குன்னு விசாரிங்க.

கேட்டவர்:
மெக்கானிக் அண்ணே, டார்ச் அடிச்சதும் செய்தி வாசிக்கிறவங்க முகம் நிழல் மாதிரி தெரிஞ்சது! நாளைக்கு ஸ்ட்ரிப் மாத்த ஆள் வர்றார். அந்தப் பழைய டிவி அம்மாவுக்கு ஹால்லயே இருக்கட்டும். என் ரூமுக்கு ஜன்னல் சின்னது, பொங்கலுக்குள்ள அங்க ஓஎல்இடி வைக்கிறேன். ரிமோட்லதான் அணைப்பேன்.