மதிரான் ஒயின் இவ்வளவு துவர்க்குமா?

துலூஸ்வாசி:
இங்கே ஒரு கடையில் 2021 மதிரான் (தென்மேற்கு பிரான்ஸின் சிவப்பு ஒயின்) ஒன்று வாங்கி, நேற்று இரவு கார்க்கைப் பிடுங்கியதும் அப்படியே ஊற்றினோம். நாவற்பழச் சாறு மாதிரி நிறம், கிளாஸுக்குப் பின்னால் விரலை வைத்தால் தெரியவே இல்லை. ஆனால் இரண்டாவது மடக்கிலேயே ஈறெல்லாம் இழுத்துப் பிடித்துக்கொண்டது, கடுக்காயைக் கடித்தது போல. பாட்டில் கெட்டுப்போயிருக்குமா? பாதிக்கு மேல் மீதி இருக்கிறது, கொட்ட மனசு வரவில்லை.

கொடிக்கால்:
தயவுசெய்து கொட்டிவிடாதீர்கள்! கெட்டிருந்தால் ஈர அட்டை வாடையோ காடி வாடையோ அடித்திருக்கும், நீங்கள் சொல்வது வெறும் துவர்ப்பு. மதிரானில் பெரும்பங்கு தன்னா திராட்சை. தடித்த தோல், டானின், அதாவது துவர்ப்பைத் தரும் பொருள், ஏராளம். கூடவே கபர்னே ஃப்ரான், கபர்னே சோவின்யோன் என்று வேறு திராட்சைகளும் சேர்ப்பது அந்த முரட்டுத்தனத்தைக் கொஞ்சம் தணிக்கத்தான். மீதியை டிகான்டரில் (ஒயினில் காற்றுப்பட ஊற்றிவைக்கும் அகன்ற கண்ணாடிக் குடுவை) ஊற்றி இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள், அப்புறம் வெறுமனே குடிக்காமல் கொழுப்புள்ள கறியோடு குடியுங்கள். மதிரான் வரும் அந்த கஸ்கோன் பக்கமே வாத்துக்குப் பேர்போனது, தன் கொழுப்பிலேயே மெதுவாக வேகவைத்த வாத்துத் தொடையோடு குடித்தால் டானின் கறியின் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும், உங்கள் ஈறு தப்பிக்கும்.

மலையடிவாரம்:
அவர் சொல்வது சரி, ஆனால் எல்லா மதிரானும் இப்படி இருக்காது. 1990-களின் தொடக்கத்தில் பாத்ரிக் டுகூர்னோ என்ற அந்த ஊர் ஒயின்காரர்தான், தொட்டியில் இருக்கும் ஒயினுக்குள் ஆக்சிஜனைத் துளித்துளிக் குமிழாக விட்டு டானினை இளக்கும் முறையைக் கொண்டுவந்தார், இப்போது பல நாடுகளில் செய்கிறார்கள். அப்படிச் செய்தவை இளசாக இருக்கும்போதே இதமாக இருக்கும். எனக்கென்னவோ பழைய முரட்டு வகைதான் பிடிக்கும், பத்து வருடம் பொறுத்துத் திறந்தால் அந்தத் துவர்ப்பு அடங்கி, பதனிட்ட தோல் வாசமும் உலர்ந்த பழ வாசமும் மேலே வரும். அதை அவசரப்பட்டு இளக்கிவிடுவது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. இன்னொரு பாட்டில் வாங்கி இருட்டான, குளிர்ந்த இடத்தில் படுக்கவைத்து மறந்துவிடுங்கள்.

துலூஸ்வாசி:
இருவருக்கும் நன்றி. டிகான்டர் இல்லை, கண்ணாடிக் கூஜாவில் ஊற்றி மூன்று மணி நேரம் வைத்தேன், வாத்துத் தொடையும் கிடைத்தது. துவர்ப்பு இருக்கிறது, ஆனால் நேற்று தெரியாத கருப்புப் பழச் சுவை இன்று முதல் மடக்கிலேயே வந்தது. நாளைக்கு அதே கடைக்குப் போய் இன்னும் இரண்டு வாங்கப் போகிறேன், ஒன்று படுக்கவைக்க.