தில்லையாடி ஸ்டேஷனில் காந்தி இறங்கினாரா?

பொறையார் பேரன்:
எங்கள் அப்பாயி தில்லையாடிக்காரர். தென்னாப்பிரிக்காவில் காந்தியின் போராட்டத்தில் சிறை சென்ற வள்ளியம்மையின் ஊரைப் பார்க்க வந்த காந்தி "நம்ம ஸ்டேஷன்லதான் இறங்கினாரு" என்று அடித்துச் சொல்கிறார். உண்மையா? மாயவரம்–தரங்கம்பாடி ரயில் பாதை எப்போது வந்தது? அதன் தடத்தை இப்போது எப்படிக் கண்டுபிடிப்பது? கூகுள் மேப்பில் வயல்தான் தெரிகிறது.

மீட்டர்கேஜ் வாத்தியார்:
தம்பி, பாட்டி மனசு நோகாமல் சொல்லுங்கள். வள்ளியம்மை இறந்தது 1914 பிப்ரவரி. காந்தி தில்லையாடிக்கு வந்தது 1915. கிளைப்பாதை திறந்ததோ 1926. அவர் வந்தபோது அங்கே தண்டவாளமே கிடையாது.

மாயவரத்தில் பிரிந்து மன்னம்பந்தல், செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையார், கடைசியில் தரங்கம்பாடி. சுமார் 30 கிலோமீட்டர், மீட்டர்கேஜ், அதாவது தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர் இடைவெளி. என்னைக் கேட்டால் பிறக்கும்போதே நோஞ்சான் பாதை. நாகப்பட்டினத்துக்கு 1861லேயே ரயில் வந்து சரக்கையெல்லாம் இழுத்துக்கொண்டது. தரங்கம்பாடித் துறைமுகம் படுத்த பிறகுதான் இங்கே ரயில் வந்தது. அப்புறம் பஸ் வந்தது. பாதையில் இருந்த பெரிய ஊர்கள் எல்லாமே பஸ் ரோட்டிலும் இருந்தன, யார் ஸ்டேஷனுக்குப் போய்க் காத்திருப்பார்கள்? 1986ல் மூடிவிட்டார்கள். திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணத்துக்கு இன்று கூடுகிற கூட்டம் அன்றைக்கு ரயிலேறியிருந்தால் கதை வேறு!

ஆக்கூர் சர்வேயர்:
கூகுளை விடுங்கள். கிராம வரைபடத்தைப் பாருங்கள். மற்ற வரப்பெல்லாம் கோணல்மாணலாகப் போகும், ரயில்வே நிலம் மட்டும் குறுக்கே நீளப் பட்டையாக வெட்டிக்கொண்டு போகும். அந்த சர்வே நம்பரை, கிராம நில விவரம் எழுதிய 'அ' பதிவேட்டில் தேடினால் யார் பேரில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். 1950களில் அமெரிக்க ராணுவம் அச்சிட்ட இந்திய வரைபடங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, அதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பொறையார் பேரன்:
நன்றி ஐயா. அப்பாயியிடம் சொன்னேன். "அப்ப மாட்டு வண்டியில வந்திருப்பாரு, ஸ்டேஷன் இருந்த வழியாத்தான்" என்கிறார். பேரளம்–காரைக்கால் பாதையை அகலப்பாதையாகத் திரும்பப் போட்டார்களே, இதுவும் வருமா?

மீட்டர்கேஜ் வாத்தியார்:
காரைக்காலில் சரக்குத் துறைமுகம் இருக்கிறது தம்பி, நிலக்கரி வண்டி ஓடும். தரங்கம்பாடியில் கோட்டையும் கடற்கரையும்தான். சனி, ஞாயிறு கூட்டத்தை நம்பி யாரும் 30 கிலோமீட்டர் பாதை போடமாட்டார்கள்.