மாமன்ற வேட்பாளர்களிடம் வீட்டுவசதி பற்றி எதைக் கேட்க வேண்டும்?

வடசென்னை வாசகர்:
சென்னை மாநகராட்சியில் 2016க்குப் பிறகு ஐந்தாண்டுகளுக்கும் மேலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லாதிருந்து, 2022 பிப்ரவரியில்தான் 200 வார்டுகளுக்கும் தேர்தல் நடந்தது. அப்போது எங்கள் பகுதிக்கு வாக்குக் கேட்டு வந்தவர்கள் மழைநீர் வடிகால், குப்பை, தெருவிளக்கு பற்றியெல்லாம் விரிவாகப் பேசினார்கள். வீட்டைப் பற்றிக் கேட்டதும், ‘பட்டாவுக்கு ஏற்பாடு செய்கிறோம்’ என்பதோடு முடித்துக்கொண்டார்கள். நாங்கள் குடியிருப்பது மேற்கூரைப் பூச்சு உதிர்ந்து கம்பி தெரியும் பழைய வாரியக் குடியிருப்பு. அடுத்த முறை வருபவர்களிடம் எதைக் கேட்டால் உருப்படியான பதில் கிடைக்கும்?

ஓய்வுபெற்ற பொறியாளர்:
முதலில் யார் கையில் எது இருக்கிறது என்பதைப் பிரித்துக்கொள்ளுங்கள். குடியிருப்பைக் கட்டுவதும் பராமரிப்பதும் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். 1970இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி 2021இல் பெயர் மாறியது அதுதான். கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியத்தைச் சேர்ந்தது, குப்பையும் தெருவிளக்கும் மாநகராட்சியைச் சேர்ந்தவை. படிக்கட்டின் கீழே இருக்கும் கழிவுநீர்த் தொட்டி நிரம்பி வழிந்தால், அது பிளாக்குக்குள் வருகிறதா, தெருவுக்குள் வருகிறதா என்ற கேள்வியிலேயே ஒரு வாரம் ஓடிவிடுகிறது. ஆகவே, வீடு கட்டித் தருவீர்களா என்று கவுன்சிலர் வேட்பாளரிடம் கேட்பதில் பயனில்லை. இந்த மூன்று அலுவலகங்களின் அதிகாரிகளையும் ஒரே நாளில் பிளாக்குக்கு அழைத்து வருவீர்களா என்று கேளுங்கள்.

பெரும்பாக்கம் குடியிருப்பாளர்:
ஐயா சொல்வது பராமரிப்புக்குப் பொருந்தும். ஆனால் உங்கள் கட்டடம் இடிக்கப்படும் நாள் வந்தால் கேள்வியே வேறாகிவிடும். மறுகட்டுமானத்தின்போது குடும்பங்கள் வெளியே தங்குவதற்குத் தரப்படும் கருணைத்தொகை 8,000 ரூபாயிலிருந்து 24,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. உயர்த்தியது நல்லதுதான், ஆனால் அது மாதத்துக்கு அல்ல, மொத்தத்துக்கும். நகருக்குள் ஒரு சிறு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கவே அது போதாது. வாடகை கட்டுப்படியாகாமல் தொலைவில் போய்த் தங்குபவர்களின் பிள்ளைகள் படிப்பை நிறுத்திவிடுவதை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் நிலை இன்னும் கடினமானது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம் கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்குக் கொண்டுவரப்பட்ட குடும்பங்கள், வேலைக்கும் பழைய பள்ளிக்கும் இருபது கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்யும்படி ஆனது ஒரு புறம். 2022 தேர்தலில் நாங்கள் எந்த மாமன்ற வேட்பாளரிடமும் எதையும் கேட்க முடியாதவர்களாக இருந்தோம் என்பது மறுபுறம். பெரும்பாக்கம் அப்போது மாநகராட்சி எல்லைக்கு வெளியே இருந்த ஊராட்சி. வார்டிலிருந்து ஒரு குடும்பத்தை அகற்றும்போது, அந்தக் குடும்பத்தின் வாக்கும் அந்த வார்டை விட்டுப் போய்விடுகிறது. எனவே, ‘அதே இடத்தில் கட்டித் தராமல் எங்களை வெளியேற்ற முயன்றால் மன்றத்தில் எழுந்து எதிர்ப்பீர்களா’ என்று, வீடு கையில் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

சட்ட மாணவி:
மன்றத்தில் எதிர்த்துப் பேசினாலும் வாரியத்தின் முடிவை மாமன்றத் தீர்மானம் தடுத்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். இருந்தாலும் அது வீண் அல்ல. பதிவாகும் எதிர்ப்பு பின்னால் நீதிமன்றத்துக்குச் செல்பவர்களுக்குத் துணைநிற்கும். இன்னொரு வழியும் இருக்கிறது. 2022 நவம்பர் 1 அன்று, உள்ளாட்சி தினத்தில், நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள், அதாவது வார்டின் ஒரு பகுதியில் வசிப்பவர்கள் கூடித் தங்கள் குறைகளைப் பேசும் கூட்டங்கள், தொடங்கின. உங்கள் பிளாக் அமைந்துள்ள பகுதியின் சபைக் கூட்டத்தை முன்கூட்டியே அறிவித்து, கட்டட உறுதித்தன்மை அறிக்கையை அங்கே அனைவர் முன்னிலையிலும் படிக்கச் செய்வீர்களா என்று கேட்கலாம். புளியந்தோப்பில் புதிதாகக் கட்டிய குடியிருப்பிலேயே 2021இல் தொட்டால் பூச்சு உதிர்ந்த நிலையில், பழைய கட்டடத்தின் அறிக்கையைப் பார்க்கக் கேட்பது எந்த வகையிலும் மிகையான கோரிக்கை அல்ல.

வடசென்னை வாசகர்:
மூவருக்கும் நன்றி. பெரும்பாக்கத்தவர் சொன்ன கேள்வியை முதலிலும், உறுதித்தன்மை அறிக்கையை அடுத்தும் வைத்து, பிளாக் வாரியாகக் கையெழுத்து வாங்கி, வாக்குக் கேட்டு வரும் ஒவ்வொருவரிடமும் எழுத்துப்பூர்வமான பதில் கேட்கப்போகிறோம். அட்வான்ஸ் தொகை குறித்து மேலும் விவரம் தெரிந்தவர்கள் எழுதினால் அதையும் சேர்த்துக்கொள்வோம்.