வன்னியில் பழுதான மெமரி கார்டிலிருந்து படங்களை மீட்டுத் தருவோர் உண்டா?

வணக்கம். நான் புதுக்குடியிருப்பைச் சேர்ந்தவள். தஞ்சாவூரில் முதுகலை வரலாறு படித்தேன். பங்குனி மாதத்தில் சக மாணவர்களுடன் ஒருநாள் பயணமாகத் தாராசுரத்துக்கும் கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் சென்று எடுத்த ஏறத்தாழ 900 படங்கள் இருந்த 64 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்ட், விசா முடிந்து ஊர் திரும்பிய மறுநாளே திறபடாமல் போய்விட்டது.

தாராசுரத்தில் நாயன்மார் வரலாறுகளைச் சொல்லும் சிறு சிற்பங்களை ஒவ்வொன்றாக எடுத்திருந்தேன். சோழபுரத்தில் வடக்கு வாசலருகே, குனிந்த சண்டேசரின் தலையில் சிவன் தன் கையாலேயே மாலை சுற்றும் சிற்பத்துக்காக வெயில் தணியும்வரை காத்திருந்தேன். சண்டேசர் கூப்பிய விரல்கள்கூட அந்தப் படத்தில் தெளிவாக விழுந்திருந்தன. என் ஆய்வேட்டின் இரண்டாம் இயல் முழுவதும் இவற்றையே நம்பியிருக்கிறது.

கார்டைக் கணினியில் செருகினால், 59 ஜிபி காட்ட வேண்டிய இடத்தில் 31 எம்பி மட்டுமே காட்டி, ஃபோர்மட் செய்யச் சொல்கிறது. வேறு கைத்தொலைபேசியிலும், இரண்டு கார்ட் ரீடர்களிலும், லினக்ஸ் கணினியிலும் போட்டுப் பார்த்தேன். போட்டோரெக் மென்பொருளும் அந்த 31 எம்பிக்குள் தேடிவிட்டு எதுவும் இல்லை என்கிறது. கிளிநொச்சியில் ஒரு கடையில் ஃபோர்மட் செய்தால் சரிவரும் என்றார்கள். படங்கள் அழிந்துவிடும் என்பதால் நான் இணங்கவில்லை. கார்ட் நனையவோ வளையவோ இல்லை. கூகுள் டிரைவில் ஏற்றியிருந்தவை 40 படங்கள் மட்டுமே. ஆய்வேட்டை ஆனி 30ஆம் திகதிக்குள் அனுப்ப வேண்டும். மறுபடி போய் எடுக்க வழியில்லை.

வன்னியிலோ, இல்லாவிட்டால் யாழ்ப்பாணத்திலோ, கார்டுக்குள் இருக்கும் மெமரி சிப்பிலிருந்தே நேரடியாகத் தரவை எடுத்துத் தரக்கூடிய, நீங்களே கொடுத்துப் பலன் கண்ட ஒருவர் இருக்கிறாரா?